நிலா உச்சிக்கு வந்த பிறகு ஒரு டீ

முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

கடல்முகத்தில் நான் வேலை பார்த்த ரெகுலேட்டருக்கு இப்போது கரண்ட் ஷட்டர் போட்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் பத்து மதகுக் கண்ணிலும் ஷட்டர் சேர்ந்தாற்போல் இறங்குமாம். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதும் போனிலேயே வந்துவிடுமாம். அதைத் தொடங்கி வைக்கிற விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார், இப்போது அங்கே இருக்கிற இன்ஜினியர் பெண். "நிலாவைப் பார்த்தே ஷட்டர் போட்டவர்னு ஊரே சொல்லுதுங்கய்யா. நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும். கார் அனுப்பறேன்" என்றார்.

எனக்குக் கார்! ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவனுக்கு! வேறு எதற்காகவாவது அனுப்பியிருந்தால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறியிருப்பேன். "முழங்கால் சரியில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. திருவிடைமருதூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் கோயிலைச் சுற்றிவிட்டு, கடைத்தெருவையும் சுற்றிவிட்டு வருகிற கால் அது.

ஓய்வுபெற்றோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கொரு அனுபவக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் முதல் சம்பளத்தைப் பற்றியும் மாற்றல் உத்தரவைப் பற்றியும் எழுதுவார்கள். நான் இந்த முழங்காலைப் பற்றி எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். மற்றதெல்லாம் என்னுடையது.

என்னை யாரும் கை தூக்கிவிடவில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன். வாய்க்கால் தூர் வாரும் கூலியாக மண்வெட்டியோடு போனேன். கங்காணி கண்ணில் பட்டேன். கரை காக்கிற ஆளாகத் தினக்கூலியில் வைத்துக்கொண்டார்கள். எத்தனையோ பேர் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள். நான் நின்றேன், நிரந்தரமானேன், லஸ்கர் ஆனேன். லஸ்கர் என்றால் கரையையும் ஷட்டரையும் பார்த்துக்கொள்கிற ஆள். அந்தச் சம்பளத்தில் கல்வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். சின்னவள் சிங்கப்பூரில் நர்ஸ். எங்கள் வகையறாவில் முதன்முதலில் விமானம் ஏறியது என் மகள்தான். இதில் எல்லாம் எனக்கு வெட்கமில்லை.

ரெகுலேட்டர் என்ன செய்யும் என்பதை மேட்டுப்பக்கத்து ஆட்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எல்லாம் தண்ணீர் வரவில்லை என்று அழுகிறவர்கள். கடைமடையில் நாங்கள் தண்ணீர் போகவில்லை என்று அழுகிறவர்கள். கார்த்திகை மார்கழி மழையில் மேலே இருக்கிற ஊர்களின் தண்ணீர் முழுக்க எங்கள் வடிகால் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வயல் தாழ்வு. கடலோ நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்கும். அதற்கு ஓதம் என்று பெயர். ஓதம் இறங்கியிருக்கும்போது ஷட்டரைத் திறந்தால் வயல் தண்ணீர் கடலுக்குப் போகும். ஏறும்போது திறந்து கிடந்தால் கடல் வயலுக்கு வரும். இவ்வளவுதான் வேலை. ஆனால் பத்து ஷட்டரையும் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். மூன்று பேர் முறை வைத்துச் சுற்றினாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதனால் கடல் ஏற ஆரம்பித்த பிறகு கைப்பிடியைத் தொடுகிறவன் லஸ்கர் இல்லை. முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தது நிலா. கரையில் படகு தள்ளுகிறவர்களிடம் பாதி கேட்டேன், மீதியை நானே பார்த்துப் பிடித்தேன். எங்கள் முகத்துவாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நிலா எழும்போதும் விழும்போதும் ஷட்டர் மூடியிருக்க வேண்டும். நிலா உச்சிக்கு வந்ததும் திறக்கலாம். உச்சிக்கு நேர் எதிரே, நம் காலுக்குக் கீழே போனதும் மறுபடி திறக்கலாம்.

நிலா என்றால் ராத்திரியில் வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மூன்றாம் பிறையை எல்லாரும் கும்பிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் மேற்கே கீற்றாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அது அன்று காலையிலேயே எழுந்து, பகல் முழுக்கச் சூரியனுக்குப் பின்னாலேயே நடந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வளர்பிறை அஷ்டமிக்கு நண்பகலில் எழும், சூரியன் மறைகிறபோது நடு உச்சியில் நிற்கும். பௌர்ணமிக்குச் சூரியன் இறங்க இது ஏறும். அப்புறம் நாளுக்கு நாள் பிந்தும். தேய்பிறை அஷ்டமிக்கு நடுச்சாமத்தில் எழுந்து மறுநாள் நண்பகலில்தான் விழும். காலையில் எட்டு, ஒன்பது மணிக்கு மேற்கே பார்த்தால் வெளுத்த அப்பளம் போல் நிற்கும், யாரும் பார்ப்பதில்லை. அமாவாசைக்குச் சூரியனோடே எழுந்து சூரியனோடே விழும். அன்றைக்கு நிலாவே இல்லை என்பார்கள். இருக்கிறது, தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் இரண்டு நாழிகை பிந்தும் என்பது என் கணக்கு. முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். வானம் தெளிவாக இருந்தால் பார்த்துச் சொல்வேன். மூடாக்குப் போட்டிருந்தால் கடைசியாகப் பார்த்த நாளில் இருந்து இரண்டிரண்டு நாழிகையாகக் கூட்டிச் சொல்வேன். அந்த நாளில் கடிகாரம் கட்டியதே இல்லை. சின்னவள் வாங்கி அனுப்பிய கடிகாரமும் அலமாரியில்தான் இருந்தது.

எங்கள் செக்ஷனுக்கு இன்ஜினியராக சாமுவேல் சார் வந்தது நான் நிரந்தரமான மறுவருஷம். தரங்கம்பாடிப் பக்கம். லுத்தரன் சபை. ஒல்லியான மனிதர். ரெகுலேட்டர் பாலத்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். "கோயிலா சார் இது?" என்று கேட்டேன். "வழுக்கும் மாரிமுத்து" என்றார். அதுவரைக்கும் இருந்த ஆபீசர்கள் என்னை "யோவ்" என்றார்கள், இல்லாவிட்டால் விசில் அடித்தார்கள். இவர் "வாங்க, சொல்லுங்க" என்பார். யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும் நேரத்தில் கோபம் போயிருக்கும்.

வந்த புதிதில் ஒரு நாள், பத்துப் பதினைந்து விவசாயிகள் கூடியிருந்தபோது சொன்னார். "மாரிமுத்து, ஓதத்துக்கு அட்டவணை அச்சடிச்சு வருது. துறைமுகத்துல என் மச்சான் இருக்கார், தினமும் கேட்டுச் சொல்லிடுவார். உங்க நிலாவையும் அதையும் சேர்த்து வச்சுப் பாப்போமா?"

நான் சிரித்தேன். "சார், காகிதத்துல ஓதம் வராது. வானத்துலதான் வரும்" என்றேன். விவசாயிகளும் சிரித்தார்கள். ஒருத்தர் கையைக்கூடத் தட்டினார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் அந்த அட்டவணைப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. இந்தப் பதிலை நான் எத்தனை கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிக் காட்டியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

ஊர் சொல்கிற கதை அந்த வருஷத்து மழையில் நடந்தது. நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் வெறித்தது. சம்பா கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது. பொழுது விடிந்ததும் ஊரே பாலத்தில் வந்து நின்றது, கையில் கடப்பாரை, மண்வெட்டி. "திறய்யா ஷட்டர! இல்லாட்டி உடைச்சிருவோம்!" சாமுவேல் சார் முன்னால் போய் ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை.

நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றேன். தேய்பிறை தசமி. கையைத் தூக்கி மேலே காட்டினேன். காலை வெயிலில், உச்சிக்குச் சற்றுக் கிழக்கே, நகக்கண் மாதிரி வெளுத்துப்போய் நின்றது. "அந்தா தெரியுதா? பகல்ல நிக்குது பாருங்க. அது தலைக்கு நேரா வரட்டும். வந்ததும் நானே திறக்கறேன். வராம திறந்தா கடல்தான் உள்ள வரும். உடைக்கறதுன்னா உடைங்க, உப்பை நீங்கதான் அள்ளணும்."

அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பகலில் நிலாவை அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தங்கராசு. ரெகுலேட்டரை ஒட்டி ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் கும்பகோணத்துக்காரர் ஒருவரிடம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தவன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். "அண்ணே, அது எப்பவும் அங்கதான் இருக்குமா?" என்று கேட்டான். "நீ வயலைப் பாத்தா எப்படித் தெரியும்? வானத்தைப் பாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நிலா உச்சிக்கு வந்தது. கைப்பிடியைத் தொடப் போனேன். சாமுவேல் சார் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒரு டீ குடிச்சிட்டுத் திறப்போமே மாரிமுத்து. காலையிலேந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல." பாலத்து முனையில் லூர்து அக்காவின் டீக்கடை. டீ வர அரை மணி ஆயிற்று. குடித்துவிட்டுத் திறந்தோம். தண்ணீர் கடலைப் பார்த்துச் சீறிக்கொண்டு போயிற்று. ஊர் ஆரவாரம் செய்தது. என்னைத் தோளில் தூக்கினார்கள்.

அன்றிலிருந்து நான் நிலாக்கார லஸ்கர். மேலே இருக்கிற ஆபீசர்கள் வந்தால் சாமுவேல் சாரே, "இவர்தான் நம்ம ஆளு, நிலாவைப் பார்த்துச் சொல்லிடுவார்" என்று அறிமுகம் செய்வார். விவசாயிகள் கல்யாணத்துக்கு நாள் பார்த்த கையோடு என்னிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவேன்.

சாமுவேல் சாருக்கு டீப் பைத்தியம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். மழைக் காலத்தில் தினமும் வந்துவிடுவார். "இன்னிக்கு நிலா என்ன சொல்லுது?" என்று முதலில் என்னிடம் கேட்பார். நான் சொல்வேன். தலையை ஆட்டுவார். சில நாள், "டீ குடிச்சிட்டுத் திறப்போம்" என்பார். சில நாள் நானே டீ கேட்டாலும் தரமாட்டார். "டீ அப்புறம். கை சும்மாதானே இருக்கு, ரெண்டு கண்ணை இப்பவே இறக்கி வச்சுட்டா பின்னால வேலை மிச்சம்" என்பார். வேலையில் அவசரக்காரர், டீயில் சோம்பேறி என்று அவர் காதுபடவே கேலி செய்திருக்கிறேன். சிரித்துக்கொள்வார். அவர் இருந்த ஏழெட்டு மழைக் காலத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் உள்ளே வரவில்லை. என் கணக்கு அப்படி.

அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் நாலு செக்ஷனைச் சேர்த்துப் பார்க்கிறவர். ஒரே ஒரு தடவை ஜீப்பில் வந்தார். இறங்காமலேயே, "உங்களுக்குத் தெரியாததா? பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி யாரும் டீக்கு நிறுத்தமாட்டார்கள்.

அந்த மார்கழியில் ஏழு நாள் வானமே தெரியவில்லை. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கையில் மூடிய மேகம், பௌர்ணமி போய் தேய்பிறை சதுர்த்தி வரைக்கும் விலகவில்லை. நான் வழக்கம்போல் கடைசியாகப் பார்த்த நாளில் இருந்து இரண்டிரண்டு நாழிகையாகக் கூட்டினேன். சதுர்த்தியன்று நிலா விழுவது காலை ஒன்பது மணி வாக்கில். லூர்து அக்கா கடைக் கடிகாரத்தில் ஏழரை ஆனதும் கைப்பிடியைத் தொட்டால் போதும். சம்பா பால் பிடிக்கிற பருவம். திறந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பயிருக்கு மூச்சு. ஏழரைக்கு முன்னால் ஒரு கண்ணையும் மூடுவதில்லை என்று உறுதியாக இருந்தேன். பாலத்தில் கூடியிருந்த ஊர்க் கூட்டமும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வடிகாலில் வெங்காயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கராசு பாலத்தில் என் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, தாமரை நிக்குது."

"எது நிக்குது?"

"இம்மா நேரம் ஓடிட்டு இருந்துச்சு. இப்ப நிக்குது பாருங்க."

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "தூண்ல மாட்டியிருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து என் சட்டையைத் தொட்டான். "அண்ணே, மூடிரலாம்ணே. என் வயல் பள்ளம். திரும்புற மாதிரி தெரியுது."

"நீ வயலைப் பாரு தங்கராசு. வானத்தை நான் பாத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்க முயன்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்கு அப்புறம் நடந்தது சீக்கிரம் நடந்தது. தாமரைத் திட்டு கடலில் இருந்து ஊரைப் பார்த்து வர ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு ஓட்டமாக. பாய்ந்து கைப்பிடியைச் சுற்றினோம். நாலு கண் இறங்கிற்று. ஐந்தாவது கண்ணில் ஷட்டர் இறங்குகிற காடியில் தாமரை போய் அடைத்துக்கொண்டது, முழங்கால் உயரத்துக்கு மேல் இறங்க மறுத்துவிட்டது. ஆறாவதும் அப்படியே. கடப்பாரையால் குத்தினோம், இழுத்தோம். தங்கராசு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி இரண்டு கையாலும் தாமரையைப் பிடுங்கினான். அவன் தலைக்கு மேலேயே கடல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் மூடி முடிந்து, வரப்பில் நடந்து அவன் வயலுக்குப் போனோம். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்போம். நான் தொட்டு வைத்தேன். அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே?"

"மழை பேஞ்சா கழுவிடும்" என்றேன்.

அந்த வருஷம் மழை அன்றோடு நின்றது. அவன் ஆறு மாவும் பதராகப் போயிற்று. சுற்றி இருந்தவர்களுக்குக் கால் வாசி, அரை வாசி போயிற்று. அவனுக்கு மட்டும் தூசிகூட மிஞ்சவில்லை.

விசாரணை வந்தது. காற்று, மழை, தாமரை என்று எழுதிக்கொண்டு போனார்கள். என் மேல் ஒரு கீறல் இல்லை. லூர்து அக்கா கடையில் உட்கார்ந்து அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "காத்து திரும்பிட்டா நிலா என்ன செய்யும்?" என்றேன். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

லூர்து அக்கா பாய்லரைப் பார்த்தபடியே சொன்னது. "சாமுவேல் சார் இருந்திருந்தா வந்திருக்காது."

"அவரு என்னக்கா செஞ்சிருப்பாரு? டீ குடிச்சிருப்பாரு."

"அந்த டீதான்ய்யா." அக்கா திரும்பிற்று. "தினம் காலையில இந்தப் போன்லதான் அவரு மச்சானுக்குப் பேசுவாரு. பேசி முடிச்சிட்டு எங்கிட்டச் சொல்லுவாரு. 'லூர்தம்மா, இன்னிக்கு ஓதம் மாரிமுத்து சொல்ற நேரத்துக்கு அரை மணி பிந்தி இறங்குது, டீயை மெதுவா அனுப்புங்க'ம்பாரு. 'இன்னிக்கு முந்தி ஏறுது, டீயே அனுப்பாதீங்க'ம்பாரு. எத்தன வருசமா நான் உனக்கு டீ ஆத்திருக்கேன்? நீ நிலாவைப் பாத்துத் திறந்தேன்னா நெனச்ச? என் டீயைப் பாத்துத் திறந்த."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் எழுந்து ஏதாவது கத்திவிட்டு வந்திருப்பேன். ஒருத்தர் தினத்தாளை மடித்தார். ஒருத்தர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு நாழிகை என்பது ஒரு மாதத்தை மொத்தமாகச் சேர்த்துப் பங்கு போட்ட கணக்கு. நிலா அப்படிப் பங்கு போட்டு நடப்பதில்லை. ஒரு நாள் குறைவாகப் பிந்தும், ஒரு நாள் கூடப் பிந்தும். ஓதம் அதைவிடக் கோளாறு. பௌர்ணமி அமாவாசையை ஒட்டி நாளுக்கு இரண்டு நாழிகைக்குள்ளேயே வந்துவிடும், அஷ்டமியை ஒட்டி மூன்று நாழிகைக்கு இழுக்கும். வானம் தெளிவாக இருந்தால் பார்த்துத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஏழு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டினால், நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் தவறிவிடும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சாமுவேல் சார் வருஷக்கணக்காக டீத் தம்ளரில் போட்டு எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். சபையில் ஆராதனை முடிந்து, வெள்ளை வேட்டியோடே பஸ் ஏறி வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாலத்தில் ஏறினார். ஐந்தாவது கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் சார் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

"சொன்னேனே மாரிமுத்து. வந்த புதுசுலயே."

எனக்கு நினைவு வந்தது. காகிதத்தில் ஓதம் வராது.

"அன்னிக்கு நீங்க சிரிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். "ஊர்க்காரங்க அட்டவணையை நம்ப மாட்டாங்க, உங்களை நம்பறாங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. கடப்பாரையோட வந்தவங்க நீங்க கையைக் காட்டினதும் நின்னாங்களே. அதைக் கெடுக்க வேணாம்னு நெனச்சேன். போறப்பவாவது சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'இல்ல சார், என்னோடது' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். அவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறவன் மாதிரி ஆட்டினேன். அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். இப்போது அவர் இல்லை.

தங்கராசுக்கு அந்தக் குத்தகையும் போயிற்று. உப்பு ஏறிய நிலம் என்று கும்பகோணத்துக்காரர் இறால் குட்டைக்கு விட்டுவிட்டார். தங்கராசு அதே குட்டைக்குக் காவல் ஆள் ஆனான். தான் நாற்று நட்ட இடத்தில் இறாலுக்குத் தீனி வீசுகிறான். ஊரில் இளவட்டங்கள் என்னைக் கண்டால், "லஸ்கர் அண்ணே, டீ ஆச்சா?" என்பார்கள். அவன் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. நானும் அதற்கு அப்புறம் அவன் குட்டைப் பக்கம் போனதில்லை. ரெகுலேட்டருக்குச் சுற்றுப் பாதையில் போனேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் சின்னவள் வாங்கித் தந்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அட்டவணையைப் பார்த்து ஷட்டர் போட்டேன். இரண்டு மூன்று வருஷம் போனதும் டீயை ஊர் மறந்தது, பழைய கதையில் நிலா மட்டும் மிஞ்சியது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

விழாவுக்கு வரமுடியாது என்று சொன்னவன், விழாவன்று காலையில் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். மகளிடம் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றேன். ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. பாலத்து முனையில் லூர்து அக்கா கடை இப்போது ஓட்டுக் கூரை மாறி சிமெண்டுத் தளம் ஆகியிருக்கிறது. உள்ளே, பாய்லர் மறைவில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா என்னைப் பார்த்தது. டீ ஆற்ற ஆரம்பித்தது.

பந்தல், மைக், மாலை எல்லாம் இருந்தது. பொத்தானை அழுத்தினார்கள், ஷட்டர் இறங்கிற்று, கைதட்டினார்கள். அந்த இன்ஜினியர் பெண் மைக்கைப் பிடித்தார். "இந்த இடத்துல மாரிமுத்து அய்யான்னு ஒரு லஸ்கர் இருந்தாரு. முழங்கால் வலியால இன்னிக்கு வர முடியல. பட்டப்பகல்ல நிலாவைக் காட்டி ஒரு ஊரையே நிறுத்தினவரு" என்று தொடங்கி, என் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. மேற்கே தேய்பிறை நிலா நிஜமாகவே நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். முதல் வரிசைக்குப் பின்னால் தங்கராசுவும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலையும்போது டீக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றான்.

"முழங்கால் எப்படி இருக்குண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு."

"அதான் பாத்தேன்." பக்கத்தில் உட்கார்ந்தான். "அந்தம்மா நல்லாச் சொல்லிச்சு. நானும் அன்னிக்கு இருந்தேன்ல. வாயைப் பொளந்துட்டு நின்னேன்."

 அவன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, மைக்கு இன்னும் கழட்டல. போயி மிச்சத்தையும் சொல்லிட்டு வந்தா என்ன?"

"என்ன மிச்சம்?"

"தாமரை." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நான் சொன்னேன்ல? தாமரை நிக்குதுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பலண்ணே. அன்னிக்கு நின்னவங்களுக்கெல்லாம் நீங்க சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு. என் பொண்டாட்டியே நம்பல. 'நீ சொல்லியிருந்தா அந்த மனுசன் மூடாம இருப்பாரா? உன் வயலு முழுவுறப்ப நீ வாயை மூடிட்டு நின்ன'ங்குறா. இன்னிக்கும் சொல்லுவா. செல்விதான். பந்தல்ல உக்காந்திருக்கா பாருங்க, பச்சைப் புடவை. நீங்க சொன்னா நம்புவா."

பந்தலில் பச்சைப் புடவை தெரிந்தது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"டீ குடிச்சிட்டு வரேன்ப்பா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். டீ சூடாக இருந்தது. ஊதினேன். ஒரு வாய் குடித்தேன். மறுபடி ஊதினேன். லூர்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மைக் செட்காரர் வந்து ஒயரைச் சுருட்டினார். பச்சைப் புடவை எழுந்து வெளியே நடந்தது, தங்கராசு பின்னாலேயே போனான். இறாலுக்குத் தீனி போடுகிற நேரம். தம்ளரில் டீ அப்போதும் பாதி இருந்தது.

சங்கத்து மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுக்கப்போகிறேன். செல்வி படித்தவள் என்று கேள்வி. அம்மா, நீ இதைப் படிப்பாய் என்றால் சொல்கிறேன். உன் வீட்டுக்காரன் சொன்னான். ஒரு தடவை சொன்னான், நான் கேட்கவில்லை என்று சட்டையைத் தொட்டு மறுபடியும் சொன்னான். நான்தான் குனிந்து பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தில் அன்றைக்கு ஒன்றும் இல்லை, மேகம்தான்.